பிராடர்-வில்லி சிண்ட்ரோம்: பசி தொடங்குமுன் பெற்றோர் செய்ய வேண்டியவை

பிறந்த குழந்தை கைகால் துவண்டு, அழுகை மெலிந்து, பாலை உறிஞ்சவும் வலுவில்லாமல் இருந்தால், ஆராய வேண்டிய காரணங்களுள் ஒன்று பிராடர்-வில்லி சிண்ட்ரோம். சூரிச் மருத்துவர்களான பிராடர், லாபார்ட், வில்லி ஆகிய மூவரும் 1956-இல் விவரித்த இக்குறைபாடு, 15-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியில் தந்தைவழி மரபணுக்கள் இல்லாமற்போவதாலோ செயல்படாமல் இருப்பதாலோ உண்டாகிறது. வழக்கமான குரோமோசோம் பரிசோதனை ‘இயல்பு’ என்று வந்துவிட்டது என்பதற்காக இந்த ஐயத்தைக் கைவிடக் கூடாது. மரபணுக்கள் செயல்படும் நிலையில் உள்ளனவா, அணைந்துள்ளனவா என்பதைக் காட்டும் டி.என்.ஏ. மெத்திலேஷன் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். அது 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரிடம் இந்நோயைக் கண்டறிந்துவிடும். சொந்தத்தில் மணம் முடித்ததால் இது வருவதில்லை. கர்ப்ப காலத்தில் தாய் உண்டதாலோ உண்ணாததாலோ வருவதும் இல்லை. பெரும்பாலும் தற்செயலாகவே நிகழ்கிறது. மிகச் சில குடும்பங்களில் மட்டும் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு 50 விழுக்காடு வரை இருக்கக்கூடும் என்பதால், எந்த வகை மரபணு மாற்றம் என்பதை மரபியல் மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பின்னாளில் தணியாத பசியையும் பருமனையும் தரும் இந்நோயில், முதல் ஆண்டில் சிக்கல் நேர்மாறானது: குழந்தை பசித்து அழாது. ஆகவே அழுகைக்குக் காத்திராமல் கடிகாரத்தைப் பார்த்துப் பாலூட்ட வேண்டும். மருத்துவர் சொன்னால் மூக்குவழிக் குழாயில் ஊட்டத் தயங்கக் கூடாது. பின்னாளில் பருமன் வருமே என்று அஞ்சி இப்போதே கொழுப்பைக் குறைப்பது தவறு, ஏனெனில் வளரும் மூளைக்கு அது தேவை.

பெற்றோர் ஏமாந்துபோகும் காலம் ஏறத்தாழ இரண்டு வயதில் தொடங்குகிறது. சாப்பாட்டின் அளவு மாறாதபோதே எடை ஏறத் தொடங்கும். தசை குறைவாகவும் கொழுப்பு மிகுதியாகவும் உள்ள உடல் என்பதால், சம வயதுக் குழந்தைக்குத் தேவைப்படும் கலோரியில் 60 முதல் 80 விழுக்காடே இக்குழந்தைக்குப் போதுமானதாகிவிடும். ‘இப்போதுதான் கன்னம் பூசினாற்போல் இருக்கிறது’ என்று வீடே மகிழும் நேரம் அது. தணியாத பசி பெரும்பாலும் எட்டு வயதை ஒட்டித்தான் முழு வேகம் கொள்கிறது. இடைப்பட்ட இந்த ஆண்டுகளிலேயே வீட்டின் சமையலறை ஒழுங்கு பழகிவிட்டால் பின்வரும் போராட்டம் பாதியாகக் குறையும் என்பது என் கருத்து.

அந்த ஒழுங்குக்கு மூன்று தூண்கள் உண்டு. எப்போது, என்ன, எவ்வளவு கிடைக்கும் என்பதில் குழந்தைக்குச் சந்தேகம் இருக்கக் கூடாது. அதற்கு மேல் ஒரு வாய் கிடைத்துவிடும் என்ற நப்பாசைக்கு இடம் தரக் கூடாது. சொன்னது தவறி ஏமாற்றமும் நேரக் கூடாது. வேளைகளையும் உணவையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இட்லிப் பாத்திரத்தையும் சட்னிக் கிண்ணத்தையும் குழந்தையின் முன் வைக்காமல், அடுப்படியிலேயே தட்டில் இட்டு எடுத்து வாருங்கள். மாவுச்சத்து 45, கொழுப்பு 30, புரதம் 25 விழுக்காடு என்ற பங்கீடும் நாளொன்றுக்குக் குறைந்தது 20 கிராம் நார்ச்சத்தும் இக்குழந்தைகளுக்கு உதவுவதாகக் கண்டிருக்கிறார்கள். சோறும் தோசையும் மிகுந்த நம் தட்டில் இதன் பொருள், இட்லி ஒன்றைக் குறைத்து, கெட்டியான பருப்பும் காயும் நிறைந்த சாம்பாரைக் கூட்டுவது, இல்லையேல் முட்டை ஒன்றைச் சேர்ப்பது. கலோரி குறைவதால் கால்சியமும் வைட்டமின் டி-யும் குறையாதபடி உணவியலாளர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டிக்கும் பண்ட அலமாரிக்கும் பூட்டுப் போடுவது கொடுமை என்று உறவினர் சொல்வார்கள். வயிறு நிறைந்ததை, பசியைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான ஹைபோதலாமஸ் உணராத நிலையில், திறந்து கிடக்கும் அலமாரிதான் குழந்தையை நாள் முழுதும் வதைக்கிறது. “புள்ள அழுவுது, ஒரு பிஸ்கட் குடுத்தா என்ன?” என்று கேட்கும் பாட்டிக்கு இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்; அந்த ஒரு பிஸ்கட், மறுநாளும் அழுதால் கிடைக்கும் என்ற நப்பாசையை விதைத்துவிடும். கல்யாணப் பந்தியில் நிலைமை இன்னும் கடினம், ஏனென்றால் கை மறைத்தாலும் இலையில் விழுந்துவிடும். வீட்டிலேயே உண்ண வைத்துவிட்டு, முகூர்த்தத்துக்குச் சென்று பந்திக்கு முன் திரும்புவதே நல்லது.

வளர்ச்சி ஹார்மோன் ஊசியை அமெரிக்கா 2000-ஆம் ஆண்டிலேயே இந்நோய்க்கு ஏற்றுக்கொண்டது. உயரம் அதன் ஒரு பயன் மட்டுமே. தசை கூடிக் கொழுப்பு குறைவதே பெரிய பயன். தொடங்குமுன், உறக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்கும் தூக்க ஆய்வு ஒன்றைச் செய்துகொள்வதும், தொடங்கிய மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் மீண்டும் செய்வதும் அவசியம். குறட்டை புதிதாக வந்தாலோ கூடினாலோ உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கடும் பருமன், சிகிச்சை பெறாத கடும் உறக்க மூச்சுத்தடை, கட்டுப்படாத நீரிழிவு ஆகியவை உள்ளபோது இந்த ஊசி கூடாது. மருந்துப் பேனாவை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். உறைபெட்டியில் வைத்தால் வீணாகும். இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையில் இச்சிகிச்சை இடம்பெற்றுள்ளதால், அங்கீகரிக்கப்பட்ட சிறப்பு மையத்தில் நிதியுதவி பற்றிக் கேளுங்கள்.

எடை ஏறிய பிள்ளைகளுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரக்கூடும் என்பதால் ரத்தச் சர்க்கரை, எச்.பி.ஏ.1சி. (சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி அளவு), தைராய்டு, கொழுப்பு, ஈரல் ஆகியவற்றை மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் பார்க்க வேண்டும். முதுகெலும்பு வளைகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். அடங்காப் பசிக்கென 2025 மார்ச்சில் அமெரிக்கா அனுமதித்த டயசாக்சைடு கோலின் மாத்திரையும் சர்க்கரையை உயர்த்தக்கூடியதே.

இப்பிள்ளைகள் எளிதில் வாந்தி எடுப்பதில்லை, வலியையும் குறைவாகவே உணர்வார்கள், கிருமித்தொற்று இருந்தும் காய்ச்சல் தெரியாமல் போகலாம். ஆகவே வயிறு உப்பினாலோ, வாந்தி எடுத்தாலோ, எப்போதும் கேட்கும் பிள்ளை திடீரென உணவை ஒதுக்கினாலோ, இரைப்பை விரிந்து கிழியும் ஆபத்தை எண்ணி உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி, நோயின் பெயரையும் மருத்துவரின் எண்ணையும் சேர்த்து, ஒரு பிரதியைப் பள்ளிப் பையிலும் மற்றொன்றை வகுப்பு ஆசிரியரிடமும் கொடுத்து வையுங்கள்.