தோட்டத்தில் மிஞ்சும் சமையல் ஆப்பிள்கள்: சர்க்கரையைக் குறைத்து, சிக்கனமாகப் பயன்படுத்தும் முறை

சமையல் ஆப்பிள் மரம் நன்றாகக் காய்க்கும் ஆண்டில், ஒரு குடும்பம் உடனுக்குடன் சாப்பிட்டுத் தீர்க்க முடியாத அளவு பழம் சில வாரங்களுக்குள் மொத்தமாக வந்து சேர்ந்துவிடும். அப்போது பெரும்பாலோருக்கு முதலில் தோன்றுவது ஜாம் காய்ச்சுவதுதான். ஆனால் வழக்கமான முறையில் ஜாம் செய்ய, பழத்தின் எடைக்கு ஏறக்குறையச் சமமான சர்க்கரை வேண்டும். காசு கொடுக்காமல் கிடைத்த பத்துக் கிலோ பழத்தைத் தீர்ப்பதற்காகப் பத்துக் கிலோ சர்க்கரை வாங்குவது சிக்கனமும் அல்ல, உடம்புக்கு நல்லதும் அல்ல. இதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. பழங்களை முதலில் தரம் பிரித்து, நல்லவற்றை அப்படியே சேமித்து, மீதியைச் சர்க்கரையே சேர்க்காமல் கூழாக்கி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, இனிப்பு வேண்டுமா, எவ்வளவு வேண்டும் என்பதைச் சாப்பிடும் நேரத்தில் முடிவு செய்துகொள்ளலாம். இதுவரை ஒரு ஆப்பிளைக்கூட வேகவைத்துப் பார்க்காதவரும் செய்யக்கூடிய முறை இது.

சமையல் ஆப்பிளின் இயல்பைத் தெரிந்துகொண்டால் இந்த வேலை சுலபமாகும். அப்படியே கடித்துச் சாப்பிடும் ஆப்பிளைவிட இதில் மாலிக் அமிலம் மிகுதியாகவும், நாக்குக்குத் தெரியும் இனிப்புக் குறைவாகவும் இருக்கும். பச்சையாகச் சாப்பிட்டால் பல் கூசும் அந்தப் புளிப்புதான், சூடுபட்ட பிறகும் பழத்தின் சுவை மங்காமல் காக்கிறது. பிராம்லி போன்ற வகைகள் வெந்ததும் துண்டு துண்டாக நிற்காமல் தாமாகவே குழைந்து நுரைபோல் ஆகிவிடும். எனவே மிக்ஸி, வடிகட்டி என்று எதுவும் தேவைப்படாது.

முதல் படி: பறித்தல்

பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, சற்றே மேலே தூக்கி, மெதுவாகத் திருப்ப வேண்டும். முற்றிய பழமாக இருந்தால் காம்போடு கையில் வந்துவிடும். வரவில்லையென்றால் இழுக்காமல் சில நாள் விட்டுவிடுவது நல்லது. ஐயம் இருந்தால் ஒரு பழத்தை அறுத்து விதையைப் பார்க்கலாம். விதை பழுப்பாக மாறியிருந்தால் பறிக்கும் பருவம் வந்துவிட்டது, வெண்மையாக இருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். பறித்த பழத்தைக் கூடையில் போடாமல் வைக்க வேண்டும். ஒரு முழம் உயரத்திலிருந்து விழுந்தாலே உள்ளே கன்றிவிடும். அந்தக் கன்றல் தோலுக்கு மேலே தெரிய ஓரிரு நாள் ஆகும்.

தானாக உதிர்ந்து தரையில் கிடக்கும் பழங்களையும் வீணாக்க வேண்டியதில்லை. ஆனால் அவற்றை நாள்தோறும் பொறுக்கிவிட வேண்டும். தரையில் பறவைகள், விலங்குகளின் எச்சம் பட்டிருக்கலாம் என்பதால், உதிர்ந்தவற்றை ஓடும் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, சமைத்து மட்டுமே உண்ண வேண்டும். அவற்றைப் பிழிந்து பச்சையாகச் சாறு குடிப்பது பாதுகாப்பானது அல்ல.

இரண்டாம் படி: தரம் பிரித்தல்

இந்த முறையில் உண்மையான உழைப்பு இருப்பது இங்கேதான். அடுத்து வரும் எல்லா வேலைகளும் இதைப் பொறுத்தே அமைகின்றன. பலரும் அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டி வைத்துவிட்டு, பத்து நாள் கழித்துத் திறந்து பார்த்து வருந்துகிறார்கள். ஆப்பிள் பறித்த பிறகும் எத்திலீன் என்ற வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும் பழம். காயம்பட்ட பழம் அதை இன்னும் கூடுதலாக வெளியிடும். அந்த வாயு பக்கத்தில் இருக்கும் பழங்களையும் விரைவாகக் கனியவைத்துவிடும். அழுகலை உண்டாக்கும் பூஞ்சையோ ஒரு பழத்திலிருந்து அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடுத்த பழத்துக்குப் பரவும். ஒரு பெட்டி முழுவதும் கெடுவதற்கு ஒரே ஒரு கன்றிய பழம் போதும்.

ஆகவே நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பழத்தையும் கையில் எடுத்துச் சுற்றிலும் பாருங்கள். கட்டைவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டே திருப்பினால், கண்ணுக்குத் தெரியாத கன்றலும் விரலுக்குத் தெரிந்துவிடும். அந்த இடம் மட்டும் சற்றே உள்வாங்கும். காம்பும் தோலும் பழுதில்லாமல், கெட்டியாக இருப்பவை மட்டுமே சேமிப்புக்கு உரியவை. காம்பு உதிர்ந்தவையும் தோலில் சிறு கீறல் உள்ளவையும் ஒரு வாரத்துக்குள் சமையலுக்குப் போக வேண்டும். கன்றியவற்றையும் புழு துளைத்தவற்றையும் அன்றே நறுக்கிவிடுவது நல்லது. புழு துளைத்த பழம் என்றால் பலர் முகம் சுளித்துத் தூக்கி எறிகிறார்கள். பெரும்பாலும் அந்தப் புழு விதைப்பகுதியை நோக்கித்தான் போகிறது. அது சென்ற வழியையும் நடுப்பகுதியையும் தாராளமாக வெட்டி எடுத்துவிட்டால் மீதிச் சதை நன்றாகவே இருக்கும்.

அழுகிய பழத்தில் மட்டும் இந்தத் தாராளம் கூடாது. கன்றல் வேறு, அழுகல் வேறு. பழுப்பு நிறத்தில் கூழாகிப்போன, பூஞ்சை பிடித்த பழத்தில் பாட்டுலின் என்ற நச்சு இருக்கக்கூடும். அது வேகவைத்தாலும் முழுவதும் அழியாது, வெட்டி எடுத்த இடத்தைத் தாண்டியும் சதைக்குள் பரவியிருக்கலாம். அத்தகைய பழத்தைத் தயங்காமல் உரக்குழிக்கு அனுப்பிவிட வேண்டும்.

மூன்றாம் படி: முழுப் பழமாகச் சேமித்தல்

முதல் தரப் பழங்களைக் கழுவாமல், ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி, ஒன்றையொன்று தொடாதபடி தட்டுகளில் ஒரே அடுக்காகப் பரப்பி வைக்க வேண்டும். இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் காற்றோட்டமாகவும் உள்ள இடம் வேண்டும். வெப்பநிலை 4 டிகிரி செல்சியசை ஒட்டி இருந்தால் மிகவும் நல்லது. நன்கு தாங்கும் வகைகள் இப்படிச் சில மாதங்கள் கெடாமல் இருக்கும். உருளைக்கிழங்கை அதே இடத்தில் வைக்காதீர்கள். ஒன்றின் வாடை மற்றொன்றுக்கு ஏறிவிடும். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்து, மென்மையாகத் தொடங்கியவற்றை எடுத்துச் சமைத்துவிட வேண்டும்.

நான்காம் படி: சர்க்கரையில்லாக் கூழ்

பழத்தின் பெரும்பகுதி சென்று சேர வேண்டிய இடம் இது. அடி கனமான எவர்சில்வர் பாத்திரம், பழத்தின் புளிப்பைத் தாங்கும் என்பதால், இதற்கு ஏற்றது. பூச்சில்லாத அலுமினியப் பாத்திரத்திலும் இரும்புப் பாத்திரத்திலும் அமிலம் வினைபுரிந்து, கூழுக்கு உலோகச் சுவையையும் மங்கிய நிறத்தையும் கொடுத்துவிடும்.

ஒரு கிலோ பழத்துக்கு அரைக் கோப்பைத் தண்ணீர் போதும். பாத்திரத்தில் முதலில் தண்ணீரை ஊற்றி, அதில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை விட்டு, பழத்தை நறுக்க நறுக்க அதிலேயே போட்டுவாருங்கள். அறுபட்ட ஆப்பிளில் உள்ள ஒரு நொதி காற்றுடன் சேர்ந்து சதையைப் பழுப்பாக்குகிறது. எலுமிச்சையின் அமிலம் அந்த நொதியைத் தடுத்து வைக்கும். பழுப்பானாலும் கூழ் கெட்டுப்போவதில்லை, நிறம்தான் மங்கும். தோல் சீவுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். தோலோடு வேகவைத்தால் நார்ச்சத்து கூடும், வேலையும் பாதியாகக் குறையும். ஆனால் கூழில் தோல் சுருள்கள் தட்டுப்படும். தோலை நீக்காமல் துண்டுகளைச் சிறிதாக நறுக்குவதே நல்லது என்பது என் கருத்து. விதைகளை மட்டும் கட்டாயம் நீக்க வேண்டும். ஆப்பிள் விதை அரைபட்டால் அதிலுள்ள அமிக்டலின் என்ற பொருள் சயனைடை வெளியிடும். தெரியாமல் ஒன்றிரண்டு விதைகளை முழுதாக விழுங்கிவிட்டால் தீங்கில்லை என்றாலும், அவற்றைக் கூழோடு சேர்த்து அரைக்கக் கூடாது.

பாத்திரத்தை மூடி, மிதமான தீயில் வையுங்கள். முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். கூடுதலாகத் தண்ணீர் ஊற்றலாமா என்று கை துறுதுறுக்கும் நேரம் அது, ஊற்றாதீர்கள். ஆப்பிளின் எடையில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் தண்ணீர்தான், சூடேறியதும் அது தானே வெளிவரும். பிறகு துண்டுகளின் ஓரங்கள் கரைந்து வெண்மையாகப் பொங்கத் தொடங்கும். அப்போது மூடியைத் திறந்து, அடிப்பிடிக்காமல் மரக்கரண்டியால் கிளறிவிட்டால், கரண்டி பட்ட இடமெல்லாம் துண்டுகள் உடைந்து குழையும். பத்து முதல் பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். கூழ் நீர்த்திருந்தால் மூடாமல் இன்னும் சில நிமிடம் வற்றவிடலாம். கொதிக்கும் கூழ் குமிழ் விட்டுக் கையில் தெறிக்கும் என்பதால் நீண்ட கரண்டியைப் பயன்படுத்துவது நல்லது.

இந்தக் கட்டத்தில் சர்க்கரை சேர்க்க வேண்டாம் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கூழை ஃப்ரீசரில் கெடாமல் வைத்திருப்பது குளிர்தான், அதற்குச் சர்க்கரை தேவையே இல்லை. இனிக்காத கூழை எந்த உணவிலும் சேர்க்கலாம், இனித்த கூழ் இனிப்புக்கு மட்டுமே உதவும். மேலும், நாம் சேர்க்கும் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் ஆற்றல் ஒரு நாளின் மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும், இருபதில் ஒரு பங்குக்குள் அடங்கினால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. இந்த இரண்டாவது அளவு, வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 கிராம்தான். வேகவைப்பதில் வைட்டமின் சி ஓரளவு குறையும். பெக்டின் உள்ளிட்ட நார்ச்சத்து கூழில் அப்படியே தங்கிவிடும்.

ஐந்தாம் படி: உறையவைத்தல்

கூழை முழுவதும் ஆறவிடுங்கள். பனிக்கட்டித் தட்டிலோ சிறு கிண்ணங்களிலோ ஊற்றி உறையவைத்து, கட்டியானதும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால், வேண்டும்போது வேண்டிய அளவு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே பெரிய டப்பாவில் வைத்தால், இரண்டு கரண்டி கூழ் தேவைப்படும் நாளிலும் முழுவதையும் உருக்க வேண்டியிருக்கும். டப்பாவில் வைப்பவர்கள் மேலே இரண்டு விரல் அகலம் இடம் விட வேண்டும், உறையும்போது கூழ் விரியும். −18 டிகிரியில் ஓராண்டு வரை சுவை மாறாமல் இருக்கும். பையின் மேல் தேதியையும் "சர்க்கரை இல்லை" என்பதையும் எழுதி வையுங்கள்.

கூழாக்க நேரமில்லாத நாளில், நறுக்கிய துண்டுகளை எலுமிச்சை நீரில் நனைத்து வடித்து, தட்டில் பரப்பி உறையவைத்துப் பையில் போட்டுவிடலாம். சமைக்கும்போது உருக்காமல் அப்படியே அடுப்பில் போட வேண்டும்.

ஃப்ரீசரில் இடம் இல்லாதவர்களுக்கு

உலர்த்துவது ஒரு வழி. பழத்தை அரை சென்டிமீட்டர் தடிமனுள்ள வளையங்களாக அறுத்து, எலுமிச்சை நீரில் நனைத்துத் துடைத்து, ஓவனில் 60 முதல் 70 டிகிரி வரையுள்ள சூட்டில் ஆறு முதல் எட்டு மணி நேரம் வைக்க வேண்டும். வளைத்தால் உடையாமலும், கிழித்தால் ஈரம் கசியாமலும் தோல்போல் இருப்பது சரியான பதம். ஓவன் இத்தனை நேரம் எரிந்தால் மின்செலவு கூடும் என்பதால், எல்லாத் தட்டுகளையும் ஒரே நேரத்தில் நிரப்பாமல் இதைச் செய்வது சிக்கனம் ஆகாது.

இன்னொரு வழி கண்ணாடி ஜாடிகளில் அடைப்பது. ஆப்பிள் இயல்பாகவே அமிலம் மிகுந்தது என்பதால், அதன் கூழைக் கொதிநீரில் மூழ்கவைத்து அடைக்கும் முறை பாதுகாப்பானது. இதற்கென்றே செய்யப்பட்ட ஜாடிகளில், மேலே அரை அங்குலம் விட்டுக் கொதிக்கும் கூழை ஊற்றி, உள்ளிருக்கும் காற்றுக் குமிழ்களை நீக்கி, மூடி, ஜாடி முழுகும் அளவு கொதிநீரில் வைக்க வேண்டும். அரை லிட்டர் ஜாடிக்குப் பதினைந்து நிமிடமும் ஒரு லிட்டர் ஜாடிக்கு இருபது நிமிடமும் தேவை. மலைப்பகுதிகளில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

தோலையும் நடுப்பகுதியையும் என்ன செய்வது?

ஜாமை இறுகவைக்கும் பெக்டின் அதிகமாக இருப்பது இவற்றில்தான். அழுகல் இல்லாதவற்றைத் தண்ணீரில் மூழ்கவைத்து முக்கால் மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டு, துணியில் பிழியாமல் வடித்தால், ஸ்ட்ராபெரி போன்ற இறுகாத பழங்களின் ஜாமுக்கு உதவும் சாறு கிடைக்கும். தோலை நீரும் சர்க்கரையும் சேர்த்துப் புளிக்கவைத்து வினிகரும் செய்யலாம். ஆனால் வீட்டு வினிகரின் அமில அளவு நமக்குத் தெரியாது என்பதால் அதைச் சாலட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஊறுகாய், சட்னி போன்று கெடாமல் வைக்க வேண்டியவற்றில் பயன்படுத்தாமல் இருப்பதே சரி.

ஆறாம் படி: கூழைப் பயன்படுத்துதல்

உருக்கிய கூழைத் தயிரிலோ ஓட்ஸ் கஞ்சியிலோ கலந்து சாப்பிடலாம். இனிப்பு வேண்டுமென்றால் ஒரு கோப்பைக் கூழுக்கு மூன்று நான்கு பேரீச்சம்பழங்களைப் பொடியாக நறுக்கிச் சேர்த்து, ஐந்து நிமிடம் சூடாக்கினால் பெரும்பாலும் போதும். ஒரு சிட்டிகை பட்டைத்தூள் போட்டால், சர்க்கரை சேர்க்காமலே நாக்குக்கு இனிப்புக் கூடியதுபோல் தோன்றும். கேக் செய்யும்போது எண்ணெய் அல்லது வெண்ணெயில் பாதி அளவைக் குறைத்து, அதற்கு ஈடாகக் கூழை ஊற்றலாம். கேக் ஈரப்பதத்துடன் மென்மையாக வரும். பூசணி, கேரட் சூப்புகளில் இரண்டு கரண்டி கூழைக் கலந்தால், எலுமிச்சை பிழிய வேண்டிய தேவை இருக்காது. பருப்புக் குழம்புகளுக்கும் இந்தப் புளிப்பு நன்றாகவே பொருந்துகிறது.

உருக்கிய கூழைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மூன்று நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள், மீண்டும் உறையவைக்க வேண்டாம்.