சைபர் கிரீன் மாஸ்டர் மிக்ஸ்: 20 மைக்ரோலிட்டர் ரியாக்‌ஷன் போடும் முறை

இது கியூபிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கி, சாயத்தின் ஒளியால் அதன் அளவைக் கணிக்கும் சோதனை) செய்வதற்கான கலவை. 2எக்ஸ் (இருமடங்கு செறிவுள்ள) மிக்ஸை ஐஸில், வெளிச்சம் படாமல் உருகவிடுங்கள். பிறகு டியூபைப் பலமுறை மெல்லக் கவிழ்த்துக் கலக்குங்கள். இதைத் தவிர்த்தால் அடர்த்தியான பகுதி அடியில் தங்கி, சிடி மதிப்பு (ஒளி குறித்த அளவைத் தாண்டும் சுற்று எண்) பிளேட்டில் குழிக்குக் குழி மாறும்.

ஒரு குழிக்கு மிக்ஸ் 10, இரண்டு பிரைமர்கள் (பெருக்கும் பகுதியைக் குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள், 10 மைக்ரோமோலார்) தலா 0.4, சிடிஎன்ஏ (ஆர்என்ஏவிலிருந்து உருவாக்கிய டிஎன்ஏ மாதிரி) 2, நியூக்ளியேஸ் இல்லாத தண்ணீர் 7.2 மைக்ரோலிட்டர். சிடிஎன்ஏ தவிர மற்றதை 10 சதவீதம் கூடுதலாகச் சேர்த்துக் கலந்து பிரித்து ஊற்றுங்கள்.

ராக்ஸ் (ஒளி அளவீட்டைச் சீராக்கும் ஒப்பீட்டுச் சாயம்) அளவு கருவியைப் பொறுத்தது: ஸ்டெப்ஒன்னுக்கு அதிகம், 7500க்குக் குறைவு, சிஎஃப்எக்ஸ்96க்குத் தேவையில்லை.

95 டிகிரியில் தொடக்கச் சூடு மிக்ஸில் ஆன்டிபாடியால் முடக்கிவைத்த என்சைம் (டிஎன்ஏவைப் பெருக்குவது) இருந்தால் 2 நிமிடம் போதும். வேதிமாற்றம் செய்து முடக்கிய என்சைமுக்கு 10 நிமிடம் வேண்டும். பின்பு 95 டிகிரியில் 15 விநாடி, 60 டிகிரியில் 1 நிமிடம், 40 சுற்று. மெல்ட் கர்வை (கடைசியில் மெல்லச் சூடாக்கி, டிஎன்ஏ இழைகள் பிரியும் வெப்பநிலையைப் பார்ப்பது) ஒருபோதும் விடாதீர்கள். டெம்ப்ளேட் (மாதிரி டிஎன்ஏ) இல்லாத குழியில் தாழ்ந்த வெப்பநிலையில் முகடு வந்தால் பெரும்பாலும் பிரைமர் டைமர் (பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருவான துண்டு). மாதிரியின் முகடே அங்கும் வந்தால் மாசு, தண்ணீரையும் பிரைமரையும் மாற்றுங்கள்.