ராமேஸ்வரத்தில் சூரியன் பார்க்க நல்ல மேடு

அஸ்தமனம் பார்க்க எல்லோரும் தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனைக்குத்தான் ஓடுகிறார்கள். இருட்டும் முன்பே அங்கிருந்து கிளப்பிவிடுவார்கள், அதனால் பாதிப்பேருக்கு ஏமாற்றம்தான். அதற்குப் பதில் கந்தமாதன பர்வதம் போங்கள். பெயர்தான் பர்வதம், உண்மையில் ஒரு மணல்மேடு. கோயிலிலிருந்து மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது, ஆட்டோ மேடு வரை போகும். ராமர் பாதம் இருக்கும் மண்டபத்தின் மாடியில் ஏறி நின்றால் சுற்றிலும் கருவேலங்காடு, தென்னை, அதற்கப்பால் கடல். மேற்கே பாம்பன் பக்கம் சூரியன் இறங்கும். செருப்பைக் கீழேயே விட வேண்டும்; காற்று பலமாக அடிக்கும், தொப்பி, துப்பட்டா பத்திரம். சூரியன் மறைந்ததும் இறங்கிவிடாதீர்கள், நிறம் கூடுவதே அப்புறம்தான்.

உதயத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். கோயிலுக்கு எதிரே உள்ள அக்னி தீர்த்தக் கடற்கரை கிழக்குப் பார்த்தது, ஐந்தே முக்காலுக்குள் போய் நின்றால் சரி.