லைசென்ஸ் இருக்கிறது, சரி, எந்த வண்டிக்கு?

டிரைவிங் ஸ்கூலில் சேர வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "என்ன வண்டி ஓட்டப் போறீங்க?" என்பதைத்தான். பாதிப் பேர் "ஒரு டூவீலர், ஒரு கார் போட்டு விடுங்க சார்" என்பார்கள். டூவீலரிலேயே இரண்டு வகை இருக்கிறதே என்றால், எது சீக்கிரம் முடியுமோ அதையே போடுங்கள் என்று பதில் வரும். பத்தொன்பது வயதில் நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன். அதனால்தான் லைசென்ஸ் வகை விஷயத்தில் நடக்கும் தவறுகளை எழுதுகிறேன். ஹெல்மெட், எல் போர்டு சமாச்சாரமெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கியர் இல்லாத லைசென்ஸை வைத்துக்கொண்டு கியர் வண்டி ஓட்டுவது

லைசென்ஸ் அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். வண்டி வகை என்ற இடத்தில் எம்.சி.டபிள்யூ.ஜி. என்று இருந்தால் கியர் உள்ள இருசக்கர வாகனம். நடுவில் ஒரு 'ஓ' சேர்ந்து எம்.சி.டபிள்யூ.ஓ.ஜி. என்று இருந்தால் கியர் இல்லாதது, அதாவது ஸ்கூட்டர் மட்டும். அந்த ஒற்றை எழுத்தை யாரும் கவனிப்பதில்லை.

நான் ஸ்கூட்டரில் எட்டு போட்டுத்தான் லைசென்ஸ் வாங்கினேன். கிளட்ச் கிடையாது, கால் ஊன்ற வேண்டிய பயமில்லை, ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஒரு வருடம் கழித்து அண்ணனின் கியர் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். டூவீலர் லைசென்ஸ்தான் இருக்கிறதே என்ற நினைப்பு. ஒரு வளைவில் வேகத்தைக் குறைக்க நான்கிலிருந்து சட்டென்று இரண்டாவது கியருக்கு இறக்கி, கிளட்சை அப்படியே விட்டுவிட்டேன். பின்சக்கரம் இறுகி வண்டி சறுக்கியது. ஓரமாக நடந்துபோன பெரியவர் ஒருவருக்குக் கால் எலும்பு முறிந்தது. அதை இப்போது எழுதும்போதும் மனசு கனக்கிறது.

வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தது, அதனால் பணத்தைப் பற்றி வீட்டில் யாரும் கவலைப்படவில்லை. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்தவர் லைசென்ஸ் நகலை வாங்கிப் பார்த்தார், அவ்வளவுதான், பைக் ரிப்பேருக்கான கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. பெரியவர் போட்ட வழக்கில் தீர்ப்பாயம், காப்பீட்டு நிறுவனம் முதலில் அவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டியின் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று சொன்னது. உரிமையாளர் நான் இல்லை, அண்ணன். ஒரு லட்சத்துக்கும் மேல். சீட்டு எடுத்துக் கட்டினான்.

வகை மாறியிருந்தாலே எப்போதும் இப்படித்தான் ஆகும் என்று சொல்ல மாட்டேன். 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், லைசென்ஸில் இருந்த குறைதான் விபத்துக்குக் காரணமா என்று பார்க்க வேண்டும் என்றது. ஆனால் என் கதையில் அதுவே காரணம்: எனக்குக் கியர் இறக்கத் தெரியாது என்பதை நானே வாக்குமூலத்தில் சொல்லியிருந்தேன்.

பத்து நாள் கிளட்ச் பழகி, கியர் பைக்கிலேயே எட்டு போட்டிருந்தால் அந்த லைசென்ஸில் ஸ்கூட்டரும் ஓட்டியிருக்கலாம், பைக்கும் ஓட்டியிருக்கலாம். அந்தப் பத்து நாளைத்தான் இன்றைக்கும் பிள்ளைகள் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். "நான் ஸ்கூட்டர் மட்டும்தான் சார் ஓட்டுவேன்" என்று சொன்னவர்களில் எத்தனை பேர் பிறகு அவசரத்துக்கு அப்பாவின் பைக்கை எடுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். போலீஸ் பிடித்தால் ஓட்டுபவருக்கு 5,000 ரூபாய் அபராதம். வண்டியைக் கொடுத்த உரிமையாளர் மேலும் தனியாக வழக்கு வரும். இதெல்லாம் விபத்து நடக்காதவரை உள்ள கணக்கு.

ஏற்கெனவே கியர் இல்லாத லைசென்ஸ் வாங்கிவிட்டவர்கள் கூடுதல் வகை சேர்க்க விண்ணப்பிக்கலாம். புது வகைக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுத்து, 30 நாள் கழித்து, அந்த வகை வண்டியிலேயே தேர்வு கொடுக்க வேண்டும். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும்.

பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஸ்கூட்டர்

16 வயதில் லைசென்ஸ் கிடைக்கும் என்பது உண்மை, ஆனால் 50 சிசிக்கு மேல் போகாத வண்டிக்கு மட்டும். நம் தெருக்களில் ஓடும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110, 125 சிசி. அதற்கு 18 ஆக வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு, வண்டியின் பதிவும் ஒரு வருடத்துக்கு ரத்தாகும். டியூஷனுக்கு நேரமாகிவிட்டது என்று சாவியைக் கொடுக்கும் அப்பாக்களிடம் இதை நான் நேராகவே சொல்லிவிடுவேன்.

பேட்டரி வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று நம்புவது

250 வாட்டுக்குக் கீழ், மணிக்கு 25 கி.மீ.க்கும் கீழ் என்று இருந்தால்தான் வேண்டாம். அதற்கு மேல் போகிற எந்த மின்சார ஸ்கூட்டரும் கியர் இல்லாத வகையில் வரும், லைசென்ஸ் கட்டாயம். கடைக்காரர் வாய்ப்பேச்சை நம்பாமல் மோட்டார் திறனைக் கேளுங்கள்.

கார் லைசென்ஸில் பைக்

செல்லாது.

ஆட்டோமேட்டிக் காருக்குத் தனி லைசென்ஸ்

கிடையாது. கார் போன்ற இலகுரக வண்டிகளுக்கான எல்.எம்.வி. வகை போதும்.

லோடு வண்டிக்கு எடை பார்க்காமல் விடுவது

எல்.எம்.வி. என்றால் 7,500 கிலோ வரை. சரக்கு வண்டிக்குப் பார்க்க வேண்டியது காலி வண்டியின் எடை அல்ல, சரக்கோடு சேர்த்து ஆர்.சி.யில் போட்டிருக்கும் மொத்த எடை. இந்த வரம்புக்குள் இருக்கும் வாடகைக் கார், சின்ன லோடு வண்டி இவற்றையெல்லாம் எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. அபாயகரமான பொருள் ஏற்றுவதென்றால் அதற்குத் தனி விதி.

7,500-ஐத் தாண்டினால் டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் வேண்டும். அதற்கு 20 வயது ஆகியிருக்க வேண்டும், எல்.எம்.வி. லைசென்ஸ் வாங்கி ஒரு வருடமாவது ஓடியிருக்க வேண்டும். கெத்தாக இருக்கும் என்று தேவையில்லாமல் ஹெவி எடுப்பவர்களும் உண்டு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மருத்துவச் சான்றிதழோடு அதைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும் என்று யோசிப்பதே இல்லை.

எல்.எல்.ஆர். தாளைப் படிக்காமல் மடித்து வைப்பது

விண்ணப்பத்தில் எந்த வகையைத் தேர்ந்தெடுத்தீர்களோ அதுதான் லைசென்ஸ் வரை வரும். போன மாதம் ஒரு பெண், கம்ப்யூட்டர் சென்டரில் யாரையோ நிரப்பச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். தாளை வாங்கிப் பார்த்தேன், அந்த 'ஓ' இருந்தது. கியர் வகைக்குத் திரும்ப விண்ணப்பித்து, இன்னொரு முப்பது நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. முதலில் அலுத்துக்கொண்டாள், அப்புறம் காலையில் ஆறு மணிக்கே மைதானத்துக்கு வந்து கிளட்ச் பழகிக்கொண்டிருக்கிறாள்.