எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்த வீட்டை மீட்பது எப்படி?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது வடசென்னையில் எண்ணூர், எர்ணாவூர் பக்கம் வீடுகளுக்குள் வந்தது வெறும் மழைத்தண்ணீர் இல்லை, கறுப்பு எண்ணெயும் சேர்ந்தே வந்தது. அதனால் வழக்கமான வெள்ளத்துக்குச் சொல்கிற யோசனை இங்கே பாதிக்குத்தான் உதவும்.

முதல் வேலை போட்டோ. சுவரில் தண்ணீர் நின்ற கோடு, மீன் வலை, படகு எஞ்சின், நனைந்த சாமான் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். சேதத்தைக் கணக்கெடுக்க ஆள் வருவதற்குள் வீட்டைக் கழுவிவிட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.

மெயின் சுவிட்சை ஈரத்தில் நின்றுதான் தொட முடியும் என்றால் தொடவே வேண்டாம், ஈபி ஆபீஸில் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். மூழ்கிய மோட்டாரையும் பிரிட்ஜையும் "ஓடுதா பார்ப்போம்" என்று போட்டுப் பார்க்காதீர்கள். இங்கே புகுவது ஆறு கடலில் சேரும் முகத்துவாரத் தண்ணீர், அதில் உப்பு உண்டு, காய்ந்த பிறகும் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும்.

சரி, எண்ணெய்க்கு வருவோம். எடுத்த எடுப்பில் தண்ணீர் ஊற்றினால் அது வீடு முழுக்கப் பரவும். மரத்தூளோ காய்ந்த மணலோ தூவி, ஊறவிட்டு, அள்ளித் தனிச் சாக்கில் கட்டி மாநகராட்சி ஆட்களிடம் சொல்லிக் கொடுங்கள். கால்வாயில் கொட்டினால் இறாலும் நண்டும் பிடிக்கிற இடத்துக்கே அது திரும்பிப் போகும். அப்புறம்தான் பாத்திரம் கழுவும் லிக்விடும் வெந்நீரும். கை காலில் ஒட்டியதை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், தோல் புண்ணாகிவிடும். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சோப்புப் போட்டாலே வந்துவிடும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இந்த வாடை போகும்வரை சொந்தக்காரர் வீட்டில் இருப்பது நல்லது.

பிளீச்சிங் பவுடரும் கழிப்பறை ஆசிட்டும் ஒன்றோடொன்று சேரவே கூடாது, நச்சு வாயு வரும். நிலத்தொட்டியில் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் பிளீச்சிங் போட்டாலும் காய்ச்சினாலும் அது போகாது. மொத்தமாக இறைத்துக் கழுவ வேண்டும், ஆனால் உள்ளே வாயு தங்கியிருக்கும் என்பதால் யாரும் இறங்க வேண்டாம், மேலிருந்தே நீளக் கம்புப் பிரஷ்ஷால் தேய்க்கலாம். அதுவரை லாரித் தண்ணீர்தான்.

பொங்கலுக்குள் வெள்ளையடித்துவிட வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றும், எனக்கும் புரிகிறது, வெள்ளம் நின்ற அந்தக் கோட்டைச் சுவரில் தினமும் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு மனசு வரும். ஆனால் ஈரச்சுவரில் அடித்த பெயிண்ட் உப்பி உதிர்ந்துவிடும். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் பெயிண்ட் டப்பாவைத் திறக்க வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுத்த மாதம் மறுபடி ஒட்டிப் பாருங்கள்.