லொறி மலையிறங்கும் முன்: தேயிலை ஏற்றுமதிப் பத்திரங்களைப் பிழையில்லாமல் எழுதுவது

ஹட்டனுக்குக் கிட்ட ஒரு சிறிய பொதியிடும் நிலையத்தில் ஏற்றுமதிப் பத்திரங்கள் எழுதுவது என் வேலை. கொழும்பில் நம் சரக்கைப் பார்க்கும் வார்ஃப் கிளார்க் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், நாம் அனுப்பும் தாளை வைத்துத்தான் சுங்கத்துக்குக் கஸ்டெக் எனும் சுங்கப் பிரகடனம் போடுவார். கப்பல் கம்பனியின் மெனிஃபெஸ்டும் (கப்பலில் உள்ள சரக்குகளின் பட்டியல்) அதே தாளிலிருந்துதான் போகிறது. இங்கே ஒரு எண்ணைப் பிழையாக எழுதினால் அது கடைசித் துறைமுகம் வரை கூடவே போகும். அதனால் பெட்டிக்குக் கயிறு போடும் இடத்திலேயே கணக்கை முடித்துவிடுங்கள்.

முதலில் எடை. ஓடரில் உள்ள எடையை எழுத வேண்டாம், தராசு காட்டுவதை எழுதுங்கள். என் அம்மா கொழுந்து பறித்தவர். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூடைப் பாரம், ஈரம் என்று கழிப்பார்கள். கழித்தது போக, நிர்ணயித்த அளவுக்கு ஒரு கிலோ குறைந்தாலும் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். எத்தனையோ சாயங்காலம் அம்மா அந்தத் தராசு முள்ளையே பார்த்தபடி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். மொத்த எடை, நிகர எடை, வெற்றுப் பாரம் மூன்றையும் நான் அங்கேதான் கற்றேன்.

நிகர எடை என்றால் தேயிலை மட்டும். மொத்த எடையில் பைக்கட்டும் பெட்டியும் சேரும். கப்பல் கம்பனி கேட்கும் வி.ஜி.எம்., அதாவது நிரப்பிய கொள்கலனின் சரிபார்த்த மொத்தப் பாரம், இவை இரண்டும் இல்லை. அதில் பெட்டிகளை அடுக்கும் மரத்தட்டான பெலட், சரக்கு அசையாமல் வைக்கும் முட்டுக்கட்டை, கொள்கலனின் சொந்தப் பாரம் எல்லாம் சேர வேண்டும். கடற்பயணப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸின் விதிப்படி 2016 ஜூலை 1 முதல் இது இல்லாமல் கொள்கலனைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். நிரப்பிய கொள்கலனை அப்படியே நிறுக்கலாம், அல்லது ஒவ்வொன்றாக நிறுத்துக் கூட்டலாம். கூட்டுவதாக இருந்தால், கொள்கலன் பாரத்தை அந்தக் கொள்கலனின் கதவைப் பார்த்தே எழுதுங்கள். போன தடவை வந்த கொள்கலனின் பாரம் இதற்குச் சரிவராது.

பெலட்டையும் நிறுங்கள். ஒரு ஜூன் மாதம், மழையும் மூடுபனியும் விடாத நேரம், எங்கள் பழைய தாளில் பெலட் ஒன்றுக்கு 18 கிலோ என்று இருந்தது. வெளியே கிடந்த ஒன்றைத் தூக்கித் தராசில் வைத்தேன்: 23. அந்தக் கணக்கில் 20 பெலட்டுக்கு 100 கிலோ வித்தியாசம். அன்றிலிருந்து பெலட்டுகள் தகரக் கூரைக்குக் கீழேதான். நிறுக்கும்போதே மரத்தில் கோதுமைக் கதிர் முத்திரையும், வெப்பமூட்டியதைக் காட்டும் எச்.டி. (HT) எழுத்தும் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எச்.எஸ். குறியீடு, அதாவது சரக்கு என்ன வகை என்று சுங்கத்துக்குக் காட்டும் சர்வதேச எண். தேயிலைக்கு 0902. கறுப்புத் தேயிலை 3 கிலோவுக்கு மேற்படாத பொதியில் இருந்தால் 0902.30, மற்றபடி 0902.40. பச்சைத் தேயிலைக்கு அதே மாதிரி 0902.10, 0902.20. இங்கே பொதி என்பது தேயிலையை நேராகத் தொட்டுக்கொண்டிருக்கும் பைக்கட்டு, வெளிப்பெட்டி இல்லை. 100 கிராம் பைக்கட்டுகள் 10 கிலோ பெட்டியில் இருந்தாலும் 0902.30தான். நான் ஒருமுறை பழைய ஃபைலைப் பார்த்து அப்படியே 0902.30 என்று எழுதிவிட்டேன். அந்த முறை வாங்குபவர் 5 கிலோ பைகள் கேட்டிருந்தார். லொறி கித்துல்கலையைத் தாண்டிய பிறகுதான் மனதில் பட்டது. உடனே கொழும்புக்கு அழைத்து, கஸ்டெக் போடுமுன் திருத்தச் சொன்னேன். பழைய ஃபைலைப் பிரதி எடுத்து வேலை செய்யும் பழக்கத்தை அன்றே விட்டுவிட்டேன்.

கறுவா வாசம் சேர்த்த தேயிலையும் 0902க்குள்தான் வரும். உடனடித் தேநீர்த் தூள் 2101.20. பெலிமல், பொல்பலா போன்ற மூலிகைப் பானங்கள் தேயிலையே இல்லை, அவற்றை இந்தத் தலைப்பில் போடக் கூடாது. ஏற்றுமதியாளர் தேயிலைச் சபையில் பதிந்திருக்க வேண்டும். பைக்கட்டில் போடும் சிங்க இலச்சினைக்குச் சபையின் அனுமதியும் வேண்டும், அதுவும் இலங்கையிலேயே பொதியிட்ட சுத்த இலங்கைத் தேயிலைக்கு மட்டும்.

சரக்கின் விவரத்தை முழுசாக எழுதுங்கள். ‘இலங்கைக் கறுப்புத் தேயிலை, பி.ஓ.பி.எஃப்., 400 பெட்டி’ என்று தெளிவாக இருக்கட்டும் (பி.ஓ.பி.எஃப். என்பது தேயிலையின் தரம்). அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் கொள்கலன்களின் விவரம், கப்பலில் ஏற்ற 24 மணி நேரத்துக்கு முன்பே அங்குள்ள சுங்கத்துக்குப் போய்விட வேண்டும். ‘ஜெனரல் கார்கோ’ என்று எழுதினால் ஏற்க மாட்டார்கள்.

கொள்கலன் எண்ணை யாரும் சொல்லக் கேட்டு எழுத வேண்டாம். கதவைப் படம் எடுங்கள். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டத்துக்குள் ஒரு இலக்கம். முதல் பத்தில் ஏதாவது பிசகினால் அந்தக் கடைசி இலக்கம் பெரும்பாலும் ஒத்துவராது, கணினி காட்டிக்கொடுக்கும். சீல் எண்ணுக்கு அப்படி ஒரு காவல் கிடையாது, அதனால் சீல் பூட்டியதும் அதையும் கிட்டப் போய்ப் படம் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் கப்பல் கம்பனி, சரக்கை ஏற்றதற்குத் தரும் சீட்டான பி.எல்.லின் வரைவை அனுப்பும். அதை நான் தனியாகப் பார்ப்பதில்லை. என்னோடு வேலை செய்யும் தங்கச்சி படத்தையும் தராசுக் கொப்பியையும் பார்த்துச் சத்தமாக வாசிப்பாள், நான் வரைவில் ஒவ்வொரு எழுத்தாகப் பென்சில் வைப்பேன். இன்வொய்ஸ், பெக்கிங் லிஸ்ட், கஸ்டெக் எல்லாம் அதோடு ஒத்திருக்க வேண்டும். பிழை கண்டால் அன்றைக்கே, எழுத்திலேயே, திருத்தம் அனுப்பிவிடுவோம். கப்பல் புறப்பட்ட பிறகு திருத்துவதாக இருந்தால் கட்டணம் கட்டி, விளக்கக் கடிதமும் கொடுக்க வேண்டிவரும், அதுவரை சரக்கு வாங்குபவரின் துறைமுகத்தில் காத்துக் கிடக்கும்.