மீட்டு வந்த சின்ன நாய்: பாசத்தில் நடக்கும் தவறுகள்

நெல்லைச் சீமையில் நாய் என்றால் பெரியவர்களுக்கு இன்றைக்கும் வேட்டை ஜாதிகளான கன்னியும் சிப்பிப்பாறையும்தான் நாய். மடியில் படுக்கிற ஜாதியெல்லாம் அவர்கள் கணக்கில் வராது. ஆனால் பாளையங்கோட்டை, பெருமாள்புரம் பக்கம் தெருநாய்களுக்கு நடுவே சடை பிடித்த பொமரேனியனையோ, சொறி பிடித்த பக்கையோ, குட்டி போட்டுப் போட்டு வயிறு தொங்கிய டாஷண்டையோ இப்போது பார்க்க முடிகிறது. வீடு மாறினார்கள், சீக்கு வந்தது, குட்டி விற்றது போதும் என்று நினைத்தார்கள். அவிழ்த்து விட்டாயிற்று.

அதைத் தூக்கிவந்து வளர்ப்பவர்கள் நல்ல மனசுக்காரர்கள். தவறும் அந்த நல்ல மனசிலிருந்துதான் வருகிறது. எல்லாவற்றையும் முதல் நாளே செய்துவிட நினைக்கிறார்கள். கையில் இருப்பது மூன்று நான்கு கிலோ உயிர் என்பது மறந்துபோகிறது. அதனால் முதல் வேலையாக எடை பாருங்கள். நீங்கள் தராசில் ஏறி நின்று பார்த்து, அப்புறம் நாயைத் தூக்கிக்கொண்டு பார்த்துக் கழித்தால் போதும். சாப்பாடு, மருந்து, வெயில் எல்லாவற்றுக்கும் அந்த எண்தான் அளவு.

வந்த அன்றைக்கே குளிப்பாட்டுவதுதான் அதிகம் நடக்கிற தவறு. நாற்றம் அடிக்கும், உண்மைதான். ஆனாலும் பயந்து நடுங்குகிற நாயைக் குழாயடியில் பிடித்து வைத்தால், உங்கள் கையைப் பற்றி அது படிக்கிற முதல் பாடம் அதுவாகிவிடும். ஈரத் துணியால் துடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் பொறுக்கலாம். கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கினால் கையை விட்டு இழுக்காதீர்கள். தண்ணீரும் கொஞ்சம் சோறும் பக்கத்தில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிக் காட்டுவதெல்லாம் அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் புதிதாக வந்ததை இரண்டு வாரமாவது தனி அறையில் வையுங்கள், தட்டும் தனி. பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற தொற்றுநோய்கள் உடம்பில் ஏறி வெளியே தெரியச் சில நாட்கள் ஆகும். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், பினாயிலை நம்ப முடியாது. பிளீச் கரைசல்தான் அதற்குச் சரி, அதுவும் அழுக்கைக் கழுவிய பிறகு. தடுப்பூசிச் சீட்டு இல்லாமல் வந்த நாய்க்கு ஒரு ஊசியும் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும்.

இனி சாப்பாடு. நம் ஊரில் கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குச் சொதி வைப்பார்கள். மிஞ்சிய சொதிச் சோற்றை நாய்க்கும் ஒரு கரண்டி வைப்பது வழக்கம். தேங்காய்ப்பால்தானே, காரமில்லையே என்று நினைப்பு. உள்ளே சின்ன வெங்காயமும் பூண்டும் இருக்கிறதே! இரண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுவைச் சிதைக்கும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் உள்ளே போனாலே பாதிப்பு தெரியலாம். மூன்று கிலோ நாய்க்கு அது கைப்பிடி வெங்காயம்கூட இல்லை. விளைவும் அன்றே தெரியாது. சில நாள் கழித்துச் சோர்வு, வெளிறிய ஈறு, கறுத்த மூத்திரம் என்று வரும்போது சொதி வைத்தது யாருக்கும் நினைவிருக்காது. பாயசத்துத் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். அல்வா விஷமில்லை, ஆனால் நான்கு கிலோ நாய்க்கு நாள் முழுவதற்கும் 250 முதல் 300 கலோரி போதும். 50 கிராம் அல்வாவே அதில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதில் ஊறிய நெய் கணையத்தில் வீக்கத்தைக் கிளப்பிவிட்டால் வாந்தியும் வயிற்றுவலியுமாக ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

சைவ வீடுகளில் இதற்கு நேர்மாறான தவறு: மூன்று வேளையும் தயிர்ச்சோறு. வயிறு நிறையும், உடம்பு தேறாது. தெருவில் மெலிந்துபோன நாய்க்குப் புரதம் வேண்டும். அடுக்களையில் முட்டை ஏறாது என்றால் புறவாசலில் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். ஆச்சிமார் முதலில் முகம் சுளிப்பார்கள். கொஞ்ச நாளில் அவர்களே முட்டையை உரித்து வைப்பதைப் பார்க்கலாம். அதற்கும் வழியில்லை என்றால் கடையில் விற்கும் நாய் உணவை, பையில் போட்டிருக்கும் எடைக் கணக்குப்படி கொடுங்கள். கறி சமைக்கிற வீட்டில் வெந்த கோழி எலும்பு மட்டும் வேண்டாம், ஊசி மாதிரி உடைந்து குடலில் குத்தும்.

உண்ணி விஷயத்தில்தான் பெரிய ஆபத்தே. மாடு வைத்திருக்கிற வீட்டில் மாட்டு உண்ணிக்கு அடிக்கிற மருந்துப் புட்டி கிடக்கும். அதையே கண்ணளவில் கலக்கி நாய்க்கும் தேய்த்துவிடுவார்கள். நாயோ உடனே நக்கும். உடம்பு நடுக்கம், எச்சில் ஒழுகல், வலிப்பு என்று போய்விடும். சொறிக்குக் கழிவு ஆயில் பூசுவதும் இந்த ரகம்தான்: தோல் வெந்துபோகும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். நாய்க்கென்றே எடைவாரியாக மருந்து கிடைக்கிறது, மருத்துவர் சொல்லும் அளவில் வாங்குங்கள்.

நாயைச் சுத்தம் செய்துவிட்டு வீட்டை விட்டுவிடுவது அடுத்த தவறு. நாய் உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் சுவர் வெடிப்பிலும் தார்சா (முன்கூடம்) ஓரத்திலும்தான் கழிக்கிறது. முட்டையும் அங்கேதான், ஆயிரக்கணக்கில். வெடிப்பை அடைக்காமல், படுக்கைத் துணியை வெந்நீரில் அலசாமல் நாயை மட்டும் பார்த்தால் மறுபடியும் ஏறும்.

"டாக்டர் தம்பி, இது மூணு நாளா ஒரு வாய் திங்க மாட்டுக்கு" என்று ஆச்சி ஒருத்தி வந்தால் மருத்துவருக்கு முதலில் உண்ணிக் காய்ச்சல்தான் நினைவுக்கு வரும். காய்ச்சல், வெளிறிய ஈறு, மூக்கில் இரத்தம் இவையெல்லாம் அடையாளம். உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி என்று தெரிந்தால் டாக்சிசைக்ளின் மாத்திரையை 28 நாள் வரை தரச் சொல்வார்கள். நான்கைந்து நாளில் நாய் வாலாட்டிச் சாப்பிட ஆரம்பித்ததும் மாத்திரை அலமாரிக்குள் போய்விடுகிறது. மிச்சமிருக்கும் கிருமி பிறகு மஜ்ஜையைத் தொட்டுவிட்டால் சிகிச்சை கடினம். இன்னொன்று, காய்ச்சல் என்று வீட்டில் இருக்கிற வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது. டைக்ளோஃபெனாக்கும் இபுபுரூஃபனும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாயின் இயல்பான சூடே 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட், தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு கட்டுவதிலும் அர்த்தமில்லை. உள்ளூரில் பார்க்க முடியாததற்கு ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

கருத்தடை செய்யாத பெண் நாயைத் தூக்கி வந்திருந்தால், இணைசேரும் பருவம் (சூடு) வந்து ஒன்றிரண்டு மாதத்தில் அது நிறையத் தண்ணீர் குடித்து, சோர்ந்து படுத்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். வெளியே வடிந்தால் தெரியும். வடியாமல் உள்ளே கட்டியிருந்தால் இன்னும் மோசம். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிற நோயில்லை இது.

சித்திரை வைகாசி வெயிலில் மூக்கு சப்பையான பக், ஷீட்ஸுவை மாடிக்கோ தகரக் கூரைக்குக் கீழோ விடாதீர்கள். மூச்சிரைத்துத்தான் நாய் சூட்டைத் தணித்துக்கொள்ளும், அந்த மூச்சுக்கே அதற்கு வழி குறுகல். தள்ளாடி விழுந்தால் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, ஃபேன் காற்றில் வைத்து, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஈரத் துண்டைப் போட்டு மூடி வைத்தால் சூடு உள்ளேயே நிற்கும். பொமரேனியனுக்கு வெயில் என்று ஒட்ட மொட்டையடிப்பதும் வேண்டாம், அந்த முடி வெயிலையும் தடுக்கிறது. சிலதுக்குத் திரும்ப ஒழுங்காக முளைப்பதே இல்லை.

கழுத்தில் பெல்ட் கட்டி இரும்புச் செயினில் இழுப்பதைக் கண்டால் எனக்கு எரிச்சலாக வரும். சின்ன ஜாதிகளுக்கு மூச்சுக்குழாய் பலவீனம். வாத்து கத்துவதைப் போல இருமினால் அதுதான் காரணமாக இருக்கலாம். நெஞ்சைச் சுற்றிப் போடுகிற பெல்ட் வாங்குங்கள். டாஷண்டை முன்னங்காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, பின்பக்கத்தையும் தாங்க வேண்டும். முதுகெலும்புக்கு நடுவே இருக்கும் தட்டு பிதுங்கினால் பின்னங்கால் விழுந்துவிடும். ஸ்கூட்டர் கால்வைக்கிற இடத்தில் நாயை நிறுத்தி நெல்லை வண்ணார்பேட்டை நெரிசலுக்குள் போகிறவர்களை என்ன சொல்ல!

சின்ன நாய் உறுமினால் வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள். பெரிய நாய் உறுமினால் யாரும் சிரிப்பதில்லை. உறுமல் என்பது எச்சரிக்கை. தட்டின் பக்கம் வராதே, என்னைத் தூக்காதே என்கிறது. சிரித்தாலும், பேப்பரைச் சுருட்டி அடித்தாலும், அது உறுமுவதை விட்டுவிட்டு நேரே கடிக்கப் பழகும். கடிபடுவது பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். அப்படிப் பட்டால் மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டு நாய்தானே என்கிற சமாதானம் ரேபிஸுக்குத் தெரியாது, நகக்கீறலுக்கும் இதே விதிதான்.

எப்போதும் மடியிலேயே வைத்திருந்தால் நீங்கள் கடைக்குப் போகும்போது தெரு கேட்க ஊளையிடும். முதல் வாரத்திலிருந்தே ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று தனியே விட்டுப் பழக்குங்கள். போகும்போது முத்தம் கொடுத்து விடைபெறுகிற வேலையெல்லாம் வேண்டாம்.

புது வீடு பிடிபடும் வரை கேட் இடுக்கைப் பலகை வைத்து அடையுங்கள், தீபாவளி நேரத்தில் கட்டாயமாக. நாம் கவனிக்காத கம்பி இடைவெளியில் இந்த உடம்பு நுழைந்துவிடும். பெல்ட்டில் போன் நம்பர் எழுதிய தகடு இருக்கட்டும். தப்பி ஓடினால் கூட்டமாகத் துரத்தினால் ஹைவேக்கே போய்விடும். ஒருவர் மட்டும், அது பார்க்கிற தூரத்தில், பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து, தின்பண்டப் பையைச் சலசலக்க வையுங்கள். கிட்டே வந்ததும் பாய்ந்து பிடிக்காமல், தின்றுகொண்டிருக்கும்போது பெல்ட்டில் விரலை மாட்டிக்கொள்ளலாம்.